உயரங்களும் தூரங்களும்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவை

மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். முக்கோணவியல் முற்றொருமைகளைத் துணிந்து போடும் பிள்ளைகள்கூட, கோபுரமும் படகும் வரும் கணக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வருடா வருடம் வரும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மொழியிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி விளக்கவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது. √3-இன் மதிப்பை எங்கும் 1.732 என்றே எடுத்திருக்கிறேன்.

மிஸ், எதிர்ப்பக்கம் எது, அடுத்துள்ள பக்கம் எதுன்னு எப்பவும் மாறிப்போகுது. மனப்பாடம் பண்ண வழி இருக்கா?

மனப்பாடம் செய்யப் போனால்தான் மாறும். கர்ணம் ஒன்றுக்குத்தான் நிலையான பெயர்: செங்கோணத்துக்கு எதிரே இருப்பது, மூன்றிலும் நீளமானது. மற்ற இரண்டு பக்கங்களின் பெயரும் நீங்கள் எந்தக் கோணத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பெண்மணி உங்களுக்கு அத்தை, அவர் மகனுக்கு அம்மா. முக்கோணத்திலும் அதே உறவுமுறைதான்.

கணக்கில் கோணம் கொடுத்திருக்கும் முனையில் விரலை வையுங்கள். விரல் தொடாத பக்கம் எதிர்ப்பக்கம். விரல் தொடும் இரண்டு பக்கங்களில் கர்ணத்தை விட்டால் மிஞ்சுவது அடுத்துள்ள பக்கம். சுவரில் சாய்த்த ஏணி தரையோடு செய்யும் கோணத்துக்குச் சுவர்தான் எதிர்ப்பக்கம். அதே ஏணி சுவரோடு செய்யும் கோணத்துக்குச் சுவர் அடுத்துள்ள பக்கமாகிவிடும்.

சைன் போடணுமா, காஸா, டேனா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்தில் இரண்டு பக்கங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நீளம் தெரிந்த பக்கம், நீளம் வேண்டிய பக்கம். மூன்றாவது பக்கத்தை மறந்துவிடலாம். எதிர்ப்பக்கமும் கர்ணமும் என்றால் சைன், அடுத்துள்ள பக்கமும் கர்ணமும் என்றால் காஸ், எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் என்றால் டேன். முதலெழுத்துகளைச் சேர்த்து 'சைஎக, காஅக, டேஎஅ' என்று என் வகுப்பில் சொல்லிக்கொள்வார்கள்.

6 மீட்டர் ஏணி தரையோடு 60° சாய்ந்திருக்கிறது, சுவரில் எவ்வளவு உயரம் எட்டும்? தெரிந்தது கர்ணம், வேண்டியது எதிர்ப்பக்கம். ஆகவே சைன் 60° = உயரம் / 6. உயரம் 3√3, அதாவது 5.196 மீட்டர். ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்டால் காஸ் 60° = தூரம் / 6, விடை 3 மீட்டர்.

பாடத்தில் பெரும்பாலும் டேன் வருவதற்கும் காரணம் உண்டு. கண்ணிலிருந்து கோபுர உச்சிக்குப் போகும் பார்வைக் கோட்டை யாரும் நாடா வைத்து அளக்க முடியாது. அது கர்ணம். அளக்கக்கூடிய தரையும் தேவைப்படும் உயரமும் சேர்ந்தால் டேன்தான். ஏணி, பட்டத்தின் நூல், கம்பத்தை இழுத்துக் கட்டும் கம்பி, சறுக்குமரம் போலக் கர்ணமே ஒரு பொருளாக இருந்தால் சைன் அல்லது காஸ் வரும். பட்டக் கணக்கில் 'நூல் தொய்வின்றி உள்ளது' என்று எழுதுவதும் இதற்காகவே. தொய்ந்த நூல் நேர்க்கோடு ஆகாது, முக்கோணமும் கிடைக்காது.

படம் போடாமலே விடை வருது மிஸ். அப்புறம் எதுக்குப் படம்?

நேரடியான ஏணிக் கணக்கில் வரும். கீழே பேசப்போகும் இரண்டு கோணக் கணக்கில் வராது. நான் திருத்திய தாள்களில் தவறு பெரும்பாலும் டேன் மதிப்பில் இருப்பதில்லை, பெருக்கலிலும் இருப்பதில்லை. வாக்கியத்திலிருந்து படத்துக்கு வரும் இடத்தில்தான் இருக்கிறது. படம் தப்பாக இருந்தால் அதற்குப் பின்னால் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் அது வேறு ஏதோ ஒரு கணக்கின் விடை.

கேள்வியை முழுதாக ஒரு முறை படியுங்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அந்த வாக்கியம் சொல்வதை மட்டும் வரையுங்கள். செங்குத்தாக நிற்பது முதலில்: கோபுரம், மரம், கம்பம். அடுத்து தரை. பிறகு பார்ப்பவரின் கண். கடைசியாகக் கண்ணையும் பொருளையும் சேர்க்கும் பார்வைக் கோடு. கொடுத்த எண்களையெல்லாம் படத்தில் ஏற்றிவிட்டு, வேண்டியதற்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். அதற்கப்புறம் கேள்வித்தாளைத் திரும்பிப் பார்க்கும் தேவையே இருக்கக் கூடாது. அளவுத் திட்டம் வேண்டாம். ஆனால் 30° என்பதைப் படுத்த கோணமாகவும் 60° என்பதை நிமிர்ந்த கோணமாகவும் வரையுங்கள். பின்னால் விடையைச் சோதிக்க அது கைகொடுக்கும்.

இறக்கக்கோணத்தை எங்க குறிக்கணும்? மேலயா, கீழயா?

இந்தப் பாடத்தில் மதிப்பெண் அதிகமாகப் பறிபோகும் இடம் இதுதான். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவர் படகைப் பார்க்கிறார், இறக்கக்கோணம் 30° என்றால், பலரும் கோபுரச் சுவருக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் 30° என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஏற்றக்கோணமானாலும் இறக்கக்கோணமானாலும் கண் மட்டத்தில் செல்லும் கிடைக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். நேராகப் பார்த்துக்கொண்டிருந்த தலையை எவ்வளவு தாழ்த்தினீர்கள் என்பதே இறக்கக்கோணம்.

அதனால் உச்சியில் முதலில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதற்குக் கீழே 30°. அந்தக் கிடைக்கோடும் கடல் மட்டமும் இணைகோடுகள், பார்வைக் கோடு அவற்றை வெட்டும் குறுக்குவெட்டி. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று முன்பே படித்திருக்கிறீர்கள். ஆகவே படகின் இடத்திலும் அதே 30°. இதை முக்கோணத்துக்குள் எழுதிவிட்டால் இறக்கக்கோணக் கணக்கு ஏற்றக்கோணக் கணக்காக மாறிவிடும்.

விளக்கின் உயரம் 45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேன் 30° = 45 / தூரம், ஆகவே தூரம் 45√3, அதாவது 77.94 மீட்டர். கோணத்தைச் சுவர்ப் பக்கம் குறித்தவருக்கு 25.98 மீட்டர் கிடைக்கும். 30° மட்டும் தலையைத் தாழ்த்திப் பார்க்கிறோம் என்றால் படகு தள்ளித்தான் இருக்க வேண்டும். கோபுர உயரத்தைவிடக் கிட்டத்தில் இருக்கும் படகைப் பார்க்க 45°-க்கும் மேல் குனிய வேண்டியிருக்கும்.

ஆளோட உயரத்தைக் கூட்டணுமா வேண்டாமா?

கேள்வியில் கொடுத்திருந்தால் கூட்டுங்கள். 'தரையில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து' என்றிருந்தால் கண் தரையிலேயே இருக்கிறது, கூட்ட எதுவும் இல்லை. 1.5 மீட்டர் உயரமுள்ள சிறுவன் கோபுரத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று 45° ஏற்றக்கோணத்தில் உச்சியைப் பார்க்கிறான் என்றால் முக்கோணம் அவன் கண் மட்டத்தில் தொடங்குகிறது. முக்கோணத்தின் உயரம் 40, கோபுரத்தின் உயரம் 41.5 மீட்டர். உச்சந்தலைக்கும் கண்ணுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பாடக் கணக்குகள் பொருட்படுத்துவதில்லை.

இரண்டு கட்டடங்கள் வரும் கணக்கும் இதே வகைதான். தாழ்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து எதிர்க் கட்டடத்துக்கு ஒரு கிடைக்கோடு போட்டால், தாழ்ந்த கட்டடம் அந்தச் சிறுவனின் வேலையைச் செய்யும்.

எல்லாக் கணக்கிலயும் 30, 45, 60 தான் வருது. வேற கோணமே கிடையாதா?

எல்லாக் கோணமும் உண்டு. இந்த மூன்றுக்கும் மதிப்பை நீங்களே வரைந்து கண்டுபிடித்துவிடலாம் என்பதால் பாடத்தில் இவை அதிகம் வருகின்றன. பக்கம் 2 அலகுள்ள சமபக்க முக்கோணத்தை நடுவில் வெட்டுங்கள். 1, √3, 2 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் கிடைக்கும், அதன் கோணங்கள் 30°, 60°, 90°. பக்கம் 1 அலகுள்ள சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் 1, 1, √2. தேர்வில் அட்டவணை மறந்துபோனால் பதறாமல் இந்த இரண்டு படங்களையும் தாளின் ஓரத்தில் வரையுங்கள், அரை நிமிடத்தில் எல்லா மதிப்பும் வந்துவிடும்.

மற்ற கோணங்கள் வந்தால் மதிப்பைக் கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள், அல்லது அட்டவணையைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். சைன் அட்டவணைக்கு நம் நாட்டில் நீண்ட வயது. 499-ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் 3° 45' இடைவெளியில் 24 மதிப்புகள் இருக்கின்றன. அவர் பயன்படுத்திய 'ஜ்யா' என்ற சொல்தான் 'ஜீவா' என்றும் ஆகி, அரபுக்குப் போய், அங்கே வேறு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் 'சைனஸ்' என்று மொழிபெயர்க்கப்பட்டு, சைனாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

√3-க்கு 1.732 எப்போ போடணும்?

கடைசி வரியில். நடுவில் போட்டால் தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், √3-ஐ √3-ஆல் அடித்துவிடும் வாய்ப்பும் போய்விடும். 30/√3 என்று வந்தால் 1.732-ஆல் வகுக்க உட்காராதீர்கள். மேலும் கீழும் √3-ஆல் பெருக்கினால் 10√3, அதாவது 17.32. அலகை எழுத மறக்க வேண்டாம்.

நிழல் கணக்குல கண்ணே இல்லையே, கோணம் எங்க வரும்?

நிழலின் நுனியில். அந்த இடத்தில் ஒரு எறும்பு இருந்து மரத்தின் உச்சியைப் பார்த்தால் உச்சிக்குப் பின்னால் சூரியன் தெரியும். சூரியனின் ஏற்றக்கோணம் என்று சொல்வது அந்தக் கோணத்தைத்தான். மரம் எதிர்ப்பக்கம், நிழல் அடுத்துள்ள பக்கம். 45° என்றால் நிழலும் மரமும் சம நீளம். சூரியன் தாழத் தாழ நிழல் நீளும்.

டேன் 90° ஏன் வரையறுக்கப்படவில்லை என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரலை ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்டை ஒட்டி ஒரு முறையும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்பார்கள். ஒரு குச்சியை நட்டு வைத்துப் பாருங்கள், அந்த நேரத்தில் நிழல் பக்கவாட்டில் விழாது. உயரத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிய நிலை. அந்த வகுத்தலுக்குப் பொருள் இல்லை.

புயல்ல மரம் முறிஞ்சு விழற கணக்குல மரத்தோட உயரம் எது?

நிற்கும் பகுதியும் சாய்ந்த பகுதியும் சேர்ந்தது. முறிந்த பகுதி முழுவதும் பிரிந்துவிடாமல், அதன் நுனி தரையைத் தொடுகிறது. நுனி அடிமரத்திலிருந்து 9 மீட்டர் தள்ளி, தரையோடு 30° செய்கிறது என்றால், நிற்கும் பகுதி டேனில் கிடைக்கும்: 9/√3 = 3√3. சாய்ந்த பகுதி காஸில் கிடைக்கும்: 9 ÷ (√3/2) = 6√3. மொத்தம் 9√3, அதாவது 15.588 மீட்டர். 3√3-இலேயே நிறுத்திவிட்டுப் போகும் பிள்ளைகள் பாதிப் பேர். கேள்விக்குறியைப் படத்தில் போடச் சொன்னது இதற்காகத்தான்.

ரெண்டு கோணம் கொடுத்தா என்ன பண்றது? எந்தப் பக்கமும் முழுசா தெரியலையே.

இரண்டு செங்கோண முக்கோணங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பொதுப் பக்கம்தான் பாலம். ஒவ்வொரு முக்கோணத்திலும் அதை வைத்து ஒரு சமன்பாடு எழுதுங்கள்.

தென்னை மரத்தின் உச்சி 60° ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. 20 மீட்டர் பின்னால் நகர்ந்தால் 30°. மரத்தின் உயரத்தை உ என்றும், முதலில் நின்ற இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை த என்றும் கொள்வோம். சிறிய முக்கோணத்தில் டேன் 60° = உ/த, ஆகவே உ = த√3. பெரிய முக்கோணத்தில் டேன் 30° = உ/(த + 20), ஆகவே உ√3 = த + 20. முதலாவதை இரண்டாவதில் இட்டால் 3த = த + 20, த = 10. உயரம் 10√3, அதாவது 17.32 மீட்டர். அடிக்கடி நடக்கும் பிழை, பெரிய முக்கோணத்தின் அடியை 20 என்று மட்டும் எழுதுவது. 30° முனையிலிருந்து மரத்தின் அடிவரை முழுத் தூரத்தையும் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் படத்தை நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியும் தெரியும். நடுவில் இருக்கும் சாய்ந்த முக்கோணத்தின் வெளிக்கோணம் 60°, உள்ளெதிர்க் கோணங்களில் ஒன்று 30°. அப்படியானால் மற்றதும் 30°, அது இருசமபக்க முக்கோணம். முதல் இடத்திலிருந்து உச்சிக்குப் போகும் பார்வைக் கோட்டின் நீளமும் 20 மீட்டர்தான். 20 × சைன் 60° = 17.32. ஒரே வரி! இதைத் தானாகக் கண்டுபிடித்து ஓடிவந்து காட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் போடுகிறேன்.

சூரியன் 60°-இலிருந்து 30°-க்கு இறங்கும்போது நிழல் 20 மீட்டர் கூடுகிறது என்று வந்தாலும் இதே கணக்குதான். படகுகள் விளக்கின் இரண்டு பக்கமும் இருந்தால் மட்டும் தூரங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

பீடத்து மேல சிலை, வீட்டு மேல கொடிக்கம்பம்... இதுல எதுல எதைக் கழிக்கணும்?

பார்ப்பவர் ஓரிடத்திலேயே நிற்கிறார், பொருள்தான் இரண்டு அடுக்கு. இங்கே பொதுப் பக்கம் தரைத் தூரம். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறித்து 38 அடிப் பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களைக் குறித்து 95 அடிச் சிலை, மொத்தம் 133 அடி. பீடத்தின் அடி மட்டத்தில் கண்ணை வைத்து, 133 அடி தள்ளி இருந்து பார்ப்பதாகக் கொள்வோம். சிலையின் உச்சிக்கு டேன் மதிப்பு 133/133 = 1, கோணம் 45°. பீடத்தின் உச்சிக்கு 38/133, கோணம் ஏறத்தாழ 16°.

சிலையின் கால் முதல் தலை வரை கண்ணில் படும் கோணம் 45 – 16 = 29°. இங்கேதான் வழுக்கல். டேன் 29°-ஐ 133-ஆல் பெருக்கினால் சுமார் 74 அடி வரும், சிலையோ 95 அடி. சிலை மட்டும் எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் முழுப் பக்கம் ஆகாது என்பதால், கோணங்களைக் கழித்துவிட்டு டேன் போடக் கூடாது. இரண்டு உயரங்களைத் தனித்தனியே கண்டுபிடித்து, உயரத்தில் உயரத்தைக் கழியுங்கள்.

கார் வர்ற கணக்குல கோபுரத்தோட உயரமே கொடுக்கல. தப்பான கேள்வியா?

சரியான கேள்வி. கோபுர உச்சியிலிருந்து பார்க்கையில் சீரான வேகத்தில் வரும் காரின் இறக்கக்கோணம் 12 வினாடியில் 30°-இலிருந்து 60° ஆகிறது, கோபுரத்தை அடைய இன்னும் எவ்வளவு நேரம்? உயரத்தை உ என்று வைத்தால் முதல் தூரம் உ√3, இரண்டாவது உ/√3. இவற்றின் விகிதம் 3 : 1. மூன்று பங்கில் இரண்டு பங்கைக் கடக்க 12 வினாடி, மிச்சம் ஒரு பங்குக்கு 6 வினாடி. உ தானாகவே அடிபட்டுப் போகிறது. தெரியாத ஒன்றுக்கு எழுத்து வைத்துத் துணிந்து நடப்பதுதான் இங்கே வேண்டும்.

விடை சரியான்னு நானே எப்படிப் பார்க்கிறது? போன் கால்குலேட்டர்ல போட்டா கன்னாபின்னான்னு வருது.

45°-ஐ நடுக்கோடாக வையுங்கள். தரையோடு உள்ள கோணம் 45°-க்குக் கீழ் என்றால் உயரம் தரைத் தூரத்தைவிடக் குறைவு, மேல் என்றால் அதிகம். கர்ணம் எப்போதும் எல்லாவற்றையும்விட நீளம். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் படத்துக்குத் திரும்புங்கள்.

கால்குலேட்டரில் டேன் 30 என்று போட்டு மைனஸ் 6.4 வந்தால் அது ரேடியன் என்ற வேறொரு கோண அளவில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள், 0.577 வரும்.

நிஜத்துல யாராவது இப்படி அளந்திருக்காங்களா?

நம் ஊரிலேயே தொடங்கியிருக்கிறார்கள். 1802-இல் நில அளவையாளரான வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்த ஒரு நீளத்தையும் கோணங்களையும் கொண்டு, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் பணி வளர்ந்தது. கோணங்களை அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடை. காவிரிச் சமவெளியில் ஏறிப் பார்க்கக் குன்றுகள் இல்லாததால் கோயில் கோபுரங்களைத்தான் நம்பினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தக் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சீராக்கினார்.

அந்தப் பணியின் தொடர்ச்சியாகத்தான் எவரெஸ்டின் உயரம் தெரிந்தது. 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து எடுத்த கோணங்களை வைத்து, அந்தப் பணியில் இருந்த கணிதர் ராதாநாத் சிக்தார் கணக்கிட்டார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவான 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 30 அடிதான். அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவையும் ஒளி காற்றில் வளைவதையும் சேர்த்துத் திருத்த வேண்டும், நம் பாடத்தில் அது கிடையாது. ஆனால் கிடைக்கோட்டிலிருந்து நிமிரும் கோணம் என்பது அதேதான்.

ஏரியில மேகத்தோட பிம்பம் தெரியற கணக்கு மட்டும் புரியவே இல்ல மிஸ்.

ஒரே ஓர் உண்மை தெரிந்தால் போதும்: மேகம் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரமோ, பிம்பம் நீர்மட்டத்துக்குக் கீழே அவ்வளவு ஆழம். பலர் கண் மட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் சமம் என்று வரைந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் இரண்டு கோணங்களும் சமமாகிவிடும்.

ஏரியின் நீர்மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தில் நிற்கிறீர்கள். மேகத்தின் ஏற்றக்கோணம் 30°, பிம்பத்தின் இறக்கக்கோணம் 60°. மேகம் நீர்மட்டத்திலிருந்து உ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண் மட்டத்தில் கிடைக்கோடு போடுங்கள். மேகம் அந்தக் கோட்டுக்கு மேலே உ – 200, பிம்பம் அந்தக் கோட்டுக்குக் கீழே உ + 200. கிடைத்தூரம் இரண்டுக்கும் பொது, இரண்டு கோணக் கணக்கில் சொன்ன அதே பாலம். டேன் 30°-இலிருந்து தூரம் = (உ – 200)√3. டேன் 60°-இலிருந்து தூரம் = (உ + 200)/√3. சமப்படுத்தினால் 3(உ – 200) = உ + 200, ஆகவே உ = 400 மீட்டர்.

சோதித்துப் பாருங்கள். மேகம் கண்ணுக்கு மேலே 200, பிம்பம் கண்ணுக்குக் கீழே 600, கிடைத்தூரம் 200√3. 200-ஐ அதால் வகுத்தால் 1/√3, 600-ஐ வகுத்தால் √3.